தொப்பிக்குக் கிடைத்த பதவி

1931-இல் ராயபுரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் நாற்பது கட்டில்கள் இருந்தன. நர்ஸ் ஒருத்திதான், கெங்கம்மா. இந்தக் கோடியில் ஒருவன் தண்ணீர் கேட்டால், அந்தக் கோடியில் இன்னொருவன் வாந்தி எடுப்பான். இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று அவள் மனு எழுதினாள்.

உடனே 'நர்ஸ் தொழில் மேம்பாட்டுக் கமிட்டி' அமைக்கப்பட்டது. ஏழு கனவான்கள், தலைவர் ராவ்பகதூர் பரசுராமன். நர்ஸ்கள் யாரையும் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. எட்டு மாதம் ஆலோசித்து, இத்தொழிலில் குறைவது ஆள் அல்ல, கௌரவமே என்று கண்டுபிடித்தார்கள்.

கௌரவம் பெட்டியில் வந்து இறங்கியது: கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைத் தொப்பி, ஒன்றரை அடி உயரம், கூடவே ஒரு நீண்ட மேலங்கி.

குனிந்தபோதெல்லாம் தொப்பி நோயாளியின் மேல் விழுந்தது. கெங்கம்மா இரண்டையும் கழற்றிக் கடைக்கோடித் தூணில் ஆணியில் மாட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் ராவ்பகதூர் பார்வையிட வந்தார். வாடை தாங்காமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"அதோ இன்னொரு நர்ஸ் நிற்கிறாளே! பிறகு எதற்கு மனு?"

"அது தொப்பிங்க."

"கூட வேலை பார்ப்பவளை அப்படிப் பேசாதே."

கால் முறிந்து படுத்திருந்த துறைமுகக் கூலி வேலப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அய்ய, மெய்யாலுமே தொப்பிதான் சாமி! ஆணியில தொங்கிகினு கீது!"

'நோயாளிக்கு ஜன்னி' என்று ராவ்பகதூர் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. 'சீருடை ஒழுங்கு, அடக்கம், பணியிடம் விட்டு அகலாமை ஆகிய நற்குணங்களை உத்தேசித்து, தூணருகே நிற்பவர் தலைமை நர்ஸாக நியமிக்கப்படுகிறார். சீருடையின்றி ஓடித் திரியும் கெங்கம்மா அவருக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டியது.'

கெங்கம்மா மறுபடியும் மனு எழுதினாள். 'தலைமை நர்ஸ் மூலமாக அனுப்பவும்' என்று திரும்பி வந்தது. ஆணியில் செருகி வைத்தாள். தலைமை நர்ஸ் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பொறுமையை மெச்சிக் கமிட்டியில் எட்டாவது நாற்காலியும் கொடுத்தார்கள்.

வேலப்பன் வீட்டுக்குப் போகும் நாள். மூன்று மாதம் அவனைத் தூக்கி உட்காரவைத்தவள் கெங்கம்மாதான். அவன் பெண்டாட்டி பச்சையம்மா ரோஜா மாலையோடு வந்தாள். நேரே தூணுக்குப் போய்த் தொப்பிக்கு மாலை போட்டாள்.

"கோச்சிக்காதே நர்ஸம்மா. பெரியம்மாவுக்குத்தானே மொதல் மரியாதி!"

வேலப்பனும் தூணைப் பார்த்துக் கைகூப்பினான். அந்தக் கோடியில் யாரோ ஒருவன் வாந்தி எடுத்தான். கெங்கம்மா ஓடிக்கொண்டே கேட்டாள்:

"இன்னாய்யா வேலப்பா, அது தொப்பின்னு நீதானே சொன்னே?"

"அது அப்போ, நர்ஸம்மா. இப்போ ஆர்டரு வந்துகீதே!"