போகர் வில்லை

தன் உடலில் உயிர் உள்ளவரை காகிதப்பூச் செடி தன் வீட்டுச் சுவரில் ஏறாது என்று வெற்றிவேல் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. அவர் மனைவி செல்வாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு இல்லை என்று குறித்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊரின் முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டு அடுப்படிச் சுவர் மேற்கு பார்த்தது. பொழுது இறங்கிய பிறகும் தோசைக்கல்லாகக் கொதிக்கும். அதன்மேல் எதையாவது படரவிடாவிட்டால் இந்த வீட்டில் சோற்றுக்கு முன்னால் தான் வெந்துபோவோம் என்பது செல்வாம்பாளின் கவலை.

“ஏங்க, அது தண்ணி கேக்காது. வருஷம் பூரா பச்சையா இருக்கும். தானா மேல ஏறும்.”

“பிரெஞ்சுக்காரன் செடி. போகன்வில்லான்னு பேரே எவனோ கப்பல்காரன் பேரு. அவனை அனுப்ப என்னா பாடுபட்டோம்?”

“அவன் போகும்போது நீங்க பொறக்கவே இல்ல.”

“இயக்கத்துல வயசு பாக்கக் கூடாது.”

“நாப்பது வருஷம் மில்லு வாசல்ல கொடி புடிச்சீங்க. வீட்டுல ஒரு கொடி ஏற விடமாட்டேங்கிறீங்க.”

மில் வாசல் பூட்டப்பட்ட பிறகு, போராட அவருக்கு மிச்சம் இருந்தது இந்த வாசல் ஒன்றுதான்.

தமிழ்க் கொடிதான் ஏற வேண்டும் என்று முல்லை கொண்டுவந்து நட்டார். பத்தே நாளில் அது தியாகியானது. சங்குப்பூ இன்னும் ஐந்து நாள் தாக்குப்பிடித்தது.

ஒருநாள் செல்வாம்பாள் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒரு தொட்டியோடு வந்து இறங்கினாள். வெற்றிவேல் இலையைத் தடவினார். முள் குத்தியது.

“இது காகிதப்பூதானே?”

“அப்படியா? பூக்கார கன்னியம்மா வேற பேரு சொன்னாளே. போகர்... போகர் வில்லையோ என்னமோ. எனக்கு என்னங்க தெரியும்?”

வெற்றிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடவுள் மறுப்பில் அவர் சித்தர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் கோயிலுக்கு எதிர்க்கட்சி என்பது அவர் கட்சி.

“வில்லைன்னா மாத்திரை. போகர் சித்தர் உருட்டின மாத்திரை. இந்த மூலிகையிலதான் உருட்டியிருக்காரு. அதைத் திருடித்தான் போகன்வில்லான்னு மாத்திட்டான், செல்வா.”

“அடப்பாவி,” என்றாள் செல்வாம்பாள். யாரை என்று அவர் கேட்கவில்லை.

அன்றே குழி தோண்டினார். செம்மண்ணும் மணலும் கலந்து போட்டார். ‘திருடப்பட்ட தமிழ்ச் செடி’ என்று நான்கு பக்க நோட்டீசு ஐநூறு அடித்து, பஸ் ஸ்டாண்டில் நின்று தன் கையாலேயே கொடுத்தார்.

செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். இலை தழைத்தது, பூ மட்டும் இல்லை.

“ஊத்தாதீங்க. பட்டினி போட்டாதான் பூக்கும்.”

பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தவர் அவர். அன்று எதுவும் பூக்கவில்லை, மில்லைத்தான் மூடினார்கள். அரைமனதோடு குடத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒரு மாதத்தில் செடி இலை தெரியாமல் சிவந்தது. அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த ஒரு உண்ணாவிரதமாவது ஜெயித்ததே என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடைக்குள் சுவர் மறைந்தது. அடுப்படி ஆறியது. நோட்டீசின் இரண்டாம் பதிப்புக்கு ஆதாரம் சேர்க்க வெற்றிவேல் மார்க்கெட்டுக்குப் போனார்.

“போகர் வில்லையா?” பூக்காரி கன்னியம்மாள் நாரைப் பல்லில் கடித்தபடி கேட்டாள். “நான் காகிதப்பூன்னுதாண்ணா குடுத்தேன். அண்ணிதான் தொட்டியைத் தூக்கிக்கினு போகன், போகர்னு தானா சொல்லிப் பாத்துக்கினு நின்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு பேரு பாத்துதான் தண்ணி ஊத்துவாருன்னாங்க.”

வீடு வரும்வரை வெற்றிவேல் யோசித்தார். மறுப்பு அறிக்கை விடலாம். ஆனால் ஐநூறு நோட்டீசிலும் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

செல்வாம்பாள் வாசலிலேயே நின்றாள். “கன்னியம்மா என்ன சொன்னா?”

வெற்றிவேல் தொண்டையைச் செருமினார். “ஆதாரம் உறுதியாயிடுச்சு.”

“அப்ப சரி. தெக்குச் சுவருக்கும் ஒண்ணு வாங்கியாந்து வச்சிருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ள குழி தோண்டிடுங்க.”