கிரேத்தேயின் திராட்சையும் நான் வறுத்த மிளகாயும்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ.
ஞாயிறு பூசைக்குப் பிறகு.

அன்புள்ள மகள் நிலூஜாவுக்கு,

அப்பா எழுதுவது. ஓம், அப்பாவே எழுதுவது! கோயில் வகுப்பில் எழுதப் படித்து, ஒருவரையும் கேளாமல் எழுதும் முதற் கடிதம். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். ஜேர்மனியில் நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

நிற்க. இத்துடன் வரும் பொதியில் திராட்சை இருக்கிறது. தின்றுவிடாதே. காட்டுத்தீப் புகை பட்ட திராட்சையைச் சோதிக்கிற உன் ஆய்வுகூடத்தில் இதையும் சோதி. கீழ்வீட்டுக் கிரேத்தே அம்மாவின் பழம். போன வருடம் காலமான அவவின் கணவர் ஓட்வார் நட்ட கொடி. அவர் இல்லாமல் அவ தனியப் போடப்போகும் முதல் வைன். விஷயம் என்னவென்றால், உன் அம்மா எங்கள் வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் புகைமணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடுகிறது, போன முறை வந்தவன் இருமி இருமி "இது என்ன ஆயுதம்?" என்று கேட்டவன், அதனால் நான் தாச்சியையும் காஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய், மழை படாத இடமென்று, அந்தக் கொடி படர்ந்த கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்து ஒரு வருடத்துச் செத்தல் மிளகாய் முழுவதையும் வறுத்துப்போட்டன். மேலை பழம் பழுத்துத் தொங்குது, பிள்ளை! மணந்து பாத்தன், ஒண்டுமில்லை. நிம்மதியா இருந்தால், நீ போனிலை சொல்லுறாய், புகை பழத்துச் சீனியோடை ஒட்டிக்கொண்டு ஒளிச்சிருக்குமாம், மூக்குக்குத் தெரியாதாம், வைனாகி வாய்க்குள்ளை போன பிறகுதான் சாம்பல் மாதிரி வெளியிலை வருமாம். அண்டு துவக்கம் எனக்குச் சோறு இறங்கேல்லை. அம்மா வேறை, "செத்த மனிசன்ரை கொடிக்கு மிளகாய்ப் புகை போட்ட ஆள்" எண்டு நாள் முழுக்கத் திட்டு. கிரேத்தே அம்மா படியிலை கண்டால் சிரிக்கிறா. நான் பூனை மாதிரி ஒதுங்கிறன். புகை இல்லையெண்டு உன்ரை முத்திரையோடை ஒரு தாள் வந்தால் காணும், மகள்.

மடு மாதா உன்னையும் உன் கண்ணாடிக் குழாய்களையும் காப்பாராக.

அன்பு அப்பா,
செபஸ்ரியன்
(கையெழுத்துத்தான். பெருவிரல் இல்லை.)

பி.கு: நான் மெல்ல எழுதுகிறவன். முடிப்பதற்குள் கிரேத்தே அம்மா கதவைத் தட்டிவிட்டா. பொறுக்க முடியாமல் எல்லாம் சொல்லிவிட்டேன். அவ சிரித்தா, பிறகு அழுதா. ஓட்வார் அந்தக் கொடிக்குக் கீழே இருந்துதான் ஆயுள் முழுக்கப் பைப் புகைத்தவராம். "கொஞ்சம் புகை மணக்காட்டி அது அவரின்ரை வைனே இல்லை, செபஸ்ரியன்!" எண்டா. ஆகவே மகள், புகை இல்லையெண்டு வந்தால் உடனே அறிவி. பழம் பறிக்க இன்னும் ஒரு கிழமை இருக்கு. மல்லி நான் இன்னும் வறுக்கேல்லை.