மேல் வலது மூலை

"மேல, வலது பக்க மூலை மட்டும் தொங்குதுலா தங்கச்சி. மத்த மூணும் அழகா இருக்கு."

போனில் மீரா சாஹிப்பின் குரலுக்குப் பின்னால் ரொட்டிக் கல்லில் எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. கவிநயா கணினித் திரையைப் பார்த்தாள். ஒரு நீளச் செவ்வகம், அதற்குள் அவருடைய கடையின் பெயர். நான்கு மூலைகளும் ஒரே அளவில் வளைந்து, தேய்ந்த சோப்புக்கட்டி போல் சாதுவாக இருந்தன.

"நாலும் ஒரே அளவுதான் அண்ணே."

"அளவு கெடக்கட்டும். கண்ணுக்கு சாமா, ஒண்ணு போல இருக்கணும்ல?"

புந்தோங்கில் வயிரவனின் விளம்பரப் பலகைக் கடையில் கவிநயா பகலெல்லாம் ஸ்டிக்கர் உரிப்பாள். மாலையில் ஈப்போ டவுனில் வரைகலை வகுப்புக்குப் போவாள். கடையில் வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டதால், ஹுத்தான் மெலிந்தாங்கில் மீரா சாஹிப் புதிதாக வாங்கிய முனைக்கடையின் பலகை அவள் கைக்கு வந்தது. இந்தப் பலகை திரும்பி வராமல் மாட்டப்பட்டால் கணினி நாற்காலி அவளுக்கு, திரும்பி வந்தால் பழையபடி ஸ்டிக்கர் மேசை என்று வயிரவன் சொல்லிவிட்டார். அந்த அளவில் வெள்ளை அக்ரிலிக் தகடும் ஒன்றுதான் மிச்சம்.

கடையின் சட்டமும் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளர் போனில் படத்தைப் பார்த்து 'ஓகே' அனுப்பினால் வெட்டலாம். அதற்குமேல் யாரும் யோசிக்கக்கூடாது.

வரையும் மென்பொருளில் செவ்வகத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதை உள்ளே இழுத்தால் மூலை வளையும், வெளியே விட்டால் கூராகும். நான்கும் சேர்ந்தே அசைய ஒரு பூட்டு உண்டு. கவிநயா பூட்டைத் திறந்து, மேல் வலது மூலையை மட்டும் கொஞ்சம் கூராக்கி அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. இப்போது மேல் வலது மூலை கொம்பு மாதிரிக் குத்துகிறதாம். தொங்குவது கீழ் இடது மூலையாம்.

கீழ் இடது மூலையை அவள் தொடவே இல்லை. தொடவில்லை என்றுதான் நினைத்தாள். உறுதியாகச் சொல்லும் தைரியம் அவளுக்கு எதிலும் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். கை தெரியாமல் பட்டிருக்குமோ என்று அளந்தாள். படவில்லை. மறுபடி பூட்டைப் போட்டு, முதல் நாள் அனுப்பிய அதே படத்தை அனுப்பினாள்.

"வலது பக்கம் சரியாப் போச்சு," என்றார் மீரா சாஹிப். "கீழ இடது பக்கம்தான் இன்னும் தொங்குது."

முதல் நாள் அதே படத்தில் அது அழகாக இருந்தது.

அன்று மாலை வகுப்பில் ஆசிரியர் கார்த்திகேசு படத்தைத் திறந்து எண்களைப் பார்த்தார். எல்லாம் சமம். எதற்கும் கணினியை அடைத்துத் திறக்கச் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் அவர் அதையேதான் சொல்வார். பக்கத்து இருக்கை ரிஷாத், படத்தைப் பெரிதாக்கும்போது மூலையும் சேர்ந்து பெரிதாக ஒரு கட்டத்தை டிக் செய்யவேண்டுமே, செய்தாளா என்று கேட்டான். செய்யவில்லை. உடனே டிக் செய்து, படத்தைப் பெரிதாக்கினாள். மூலைகள் மாவு போல் உப்பி, ஒன்றோடொன்று முட்டி, பலகை ஒரு நீள மாத்திரை ஆயிற்று. பதற்றத்தில் அதுவும் மீரா சாஹிப்பின் போனுக்குப் போய்விட்டது.

"நான் சாப்பாட்டுக்கடை தொறக்கிறேன் தங்கச்சி," என்றார் மீரா சாஹிப் பொறுமையாக. "கிளினிக் இல்ல."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண் சொக்கியது. மழை நின்ற வானத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் ஈரமாக நின்றன. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு குன்றின் மூலையையும் இழுத்து வளைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டுப் போட மறந்திருக்கிறார்கள், ஒன்றுகூட சமமாக இல்லை. கனவில் சுங்காய் வரை போனாள். அம்மா குடியிருக்கும் எஸ்டேட் லயன் வீடுகளின் மூலைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னின. ஒன்றைத் தொட்டாள். வீடு மெல்ல உருண்டு, செம்பனை வரிசைக்குள் சத்தமில்லாமல் போனது. அடுத்ததும் போனது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கோபப்படாமல் வழிவிட்டாள். விழித்தபோது இறங்கவேண்டிய இடம் தாண்டியிருந்தது.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் கண்ணை நம்பப்போவதில்லை. மீரா சாஹிப்பைப் போனில் பிடித்து, போனை ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னாள். எந்த மூலை என்று கேட்டாள்.

"மேல வலது."

இழுத்து அனுப்பினாள்.

"இன்னும்."

மூலை கூரானது. கூராகியும் போதவில்லை என்றார். இனி இழுக்கப் புள்ளி இல்லாததால், அந்த முனையையே பிடித்து வெளியே இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்லா."

செவ்வகத்துக்கு ஒரு காது முளைத்தது.

"நிப்பாட்டு," என்றார் அவர். குரலில் அப்படியொரு நிம்மதி. "இப்பதான் நாலும் சாமா இருக்கு. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?"

ஓகே வந்தது. வயிரவன் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஓகே வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே. ஆனா..."

"வந்துருச்சுல்ல. வெட்டு."

பலகை மாட்டும் ராஜுவோடு லாரியில் கவிநயாவும் ஹுத்தான் மெலிந்தாங் போனாள். ஆற்றுக் காற்றில் கருவாட்டு வாசனை வந்தது. ஏணியில் ஏறிப் பலகையை முடுக்கிவிட்டு இறங்கிய ராஜு, தெருவுக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்த்தான்.

"அக்கா, இது பூனைக்கடையா?"

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். வெள்ளைப் பலகை வெயிலில் பளபளத்தது. மூன்று மூலைகள் சாதுவாக வளைந்திருந்தன. நாலாவது, எதையோ உற்றுக் கேட்பதுபோல் வானத்தை நோக்கி நின்றது. கவிநயா மனதுக்குள் ஸ்டிக்கர் மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

மீரா சாஹிப் வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது. இடப்பக்கம் நகர்ந்தார், வலப்பக்கம் நகர்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, படுக்கவைத்துப் பிடித்து, ஒரு படம் எடுத்து அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பெத்துல், சரியாத்தான் இருக்கு. சும்மா பாத்தா வெயிலுக்கு ஒரு மாதிரி தெரியுது. போன்ல பாருங்க, நாலு மூலையும் எவ்வளவு சாமா இருக்கு," என்று மீன்காரர்களிடம் போனை நீட்டினார்.

உள்ளே ரொட்டிக் கல்லின் முன் நின்ற அவருடைய மனைவி ஷஹீதா, மாவை வீசுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"போனைக் கல்லு ஓரத்துல வைக்காதீங்கன்னு நோன்புலேருந்து சொல்றேன். அந்த ஸ்கிரீன் மேல ஒட்டுன பிளாஸ்டிக் ஒரு மூலையில உருகித் தொங்குது, அதையாச்சும் இன்னைக்கு மாத்துங்க."