நின்றுபோன செல்லும் விழுங்காத மாத்திரையும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். இங்கு இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் அத்தை நலம். என்னைப் பற்றி, இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை நலமாக இருப்பேன் என்று மட்டும் சொல்ல முடியும்.

மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, எதிர் நாற்காலியில் உங்கள் அத்தை. "முழுங்கினாத்தான் இங்கேருந்து எழுந்திருப்பேன்" என்கிறாள். "மாப்பிள்ளையைக் கேட்டுட்டு முழுங்கறேன்" என்றேன். "எழுதுங்க, நான் எங்கே போகப் போறேன்" என்று வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் உங்கள் ஆய்வகத்தில், சர்க்கரை நோய் வரவழைத்த எலியின் இதயத்திலிருந்து பிரித்த செல்லை நுண்ணோக்கியில் காட்டினீர்கள். குட்டிச் செங்கல் மாதிரி கிடந்து, சுருங்கிச் சுருங்கி நீண்டது. "பிடிக்கிறதுல குறையில்லை மாமா, விடறதுலதான் தாமதம். உள்ளே வந்த கால்சியத்தைச் சீக்கிரம் ஒதுக்க முடியலை, அதான் தளர நேரமாகுது" என்றீர்கள். பிடித்ததை விடாத குணம் எங்கள் குடும்பத்தில் சர்க்கரைக்கு முன்பே உண்டு என்றேன், மரியாதைக்குச் சிரித்தீர்கள். பிறகு செல்லின் மேல் மருந்தைச் சொட்டுவிட்டு, "இப்போ நேரத்துக்குத் தளருதா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் கூப்பிட்டாரென்று போனீர்கள். பார்த்தேன். நன்றாகவே தளர்ந்தது. இடுப்பு வலிக்க எழுந்து, அலுவலகத்தில் எல்லோரும் என்னை 'மெயின் ஸ்விட்ச்' என்று கூப்பிடக் காரணமான பழக்கப்படி, ஆளில்லாமல் ஓடிய விசிறி, எரிந்த விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தால், செல் அசையவில்லை. ஒரேயடியாகத் தளர்ந்துவிட்டது.

அதே மருந்தின் பெயர்தான் என் மாத்திரை அட்டையிலும் இருக்கிறது. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? அன்றிலிருந்து மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி, பால்கனிக்குப் போய்ப் பூந்தொட்டியில் புதைத்தேன். செடி தழைக்கிறது, ஆனால் செடிக்கு இதயம் கிடையாதே. நேற்று லிஃப்ட் ஓடவில்லை, படியேறினேன், பாதியில் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்தின மாதிரி ஆயிடுச்சு, அங்கேயே உட்கார்ந்துட்டேன். கீழ்வீட்டு இன்சூரன்ஸ்காரர் வந்து என் முகத்தைப் பார்த்தார். பாலிசி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. இன்று காலை தொட்டியைக் கிளறிய உங்கள் அத்தை புதையலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நீங்களும் போனில், "அன்னிக்குச் செல் துடிச்ச பதிவுல நடுவுல நேர்கோடு வருது மாமா, மருந்து செல்லையே நிறுத்துதோன்னு பேராசிரியர் வேலையை நிறுத்தச் சொல்லிட்டார்" என்றீர்கள். ஆகவே கேட்கிறேன்: விழுங்கினால் செல்லின் கதி, விழுங்காவிட்டால் படிக்கட்டின் கதி. எது உசிதம்? சீக்கிரம் சொல்லுங்கள். உங்கள் அத்தையின் கண்ணில் நீர் வழிகிறது. வெங்காயம் தீர்ந்து ரொம்ப நேரமாகிறது.

மகளுக்கு ஆசி. சம்பந்தி இருவருக்கும் வணக்கம். கோபம் தணிந்திருந்தால் பேராசிரியருக்கும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: ஒட்டுமுன் உங்கள் அத்தை பிடுங்கிப் படித்தாள்.

"விளக்கு, விசிறியோட வேற என்னத்தை அணைச்சீங்க?"

"ஒண்ணுமில்லை. ஒரு பெட்டி, சும்மா மினுக் மினுக்னு மினுக்கிட்டிருந்தது, அதை."

"அப்புறம்?"

"மாப்பிள்ளை வந்தா இருட்டா இருக்குமேன்னு எல்லாத்தையும் திரும்பப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

உடனே மகளுக்கு போன் போட்டாள். தனியாகப் பிரித்த அந்தச் செல் தானாகத் துடிக்காதாம். அந்தப் பெட்டிதான் விட்டு விட்டு மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்குமாம். இதற்குள் உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். மேலே எழுதியதில் ஆசியையும் வணக்கத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அனுப்பக் காரணம், எழுதிய தாளை வீணாக்கும் வழக்கம் எனக்கில்லை. பேராசிரியரிடம் மின்தடை என்று சொல்லுங்கள். தடையின் பெயர் வேண்டாம்.

மாத்திரையை விழுங்கிவிட்டேன். இத்தனை நாள் விழுங்காததை மருத்துவரிடம் என் வாயாலேயே சொல்லவைக்க டாக்ஸி வந்து நிற்கிறது. உங்கள் அத்தை வாசலில் கூப்பிடுகிறாள். இந்த அறையில் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்கக் கை வரவில்லை.