உலகத்துக்கு ஓர் இருப்பிடச் சான்று

மனிதன் என்று இருந்தால் ஏதாவது ஓர் ஊரைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் எளிய எதிர்பார்ப்பு. தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஜூலை மாதம், ஸ்ரீராம்புரம் தனலக்ஷ்மியால் அதைக்கூட நிறைவேற்ற முடியவில்லை. மகள் சிந்துவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும்.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா கோவிந்தப்பா மனுவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க ஊர் எதம்மா?"

"பத்து வருஷமா ஸ்ரீராம்புரம் சார். வாடகை வீடு."

"அது ஓனரோட ஊர். பிறந்தது?"

"கே.ஜி.எஃப்."

"உங்க யஜமான்ரு, வீட்டுக்காரர்?"

"அவரும் கே.ஜி.எஃப்.தான். மாமனார் முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்துல இருந்தவர்."

"சுரங்கம் எங்கே இருக்கு?"

"பூமிக்குக் கீழ."

"நோடம்மா, இங்கே பாருங்க, ரெவின்யூ டிபார்ட்மெண்ட் பூமிக்கு மேலதான். கீழ இருந்த வருஷமெல்லாம் சேராது. அவருக்கு அப்பா?"

"வட ஆற்காடு."

"அங்கே போய் வாங்கிக்குங்க."

புருஷன் ஜெயவேலு பஸ் ஏறிப் போனார். அங்கே, அந்த மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தாகிவிட்டது என்றும், பிரிக்கும்போது இவர் குடும்பத்தார் நேரில் ஆஜராகி எந்தப் பாதி என்று தெரிவிக்காததால் இரண்டிலும் இல்லை என்றும் எழுத்து மூலம் கொடுத்து, டீயும் வாங்கித் தந்து அனுப்பினார்கள்.

"டீ மட்டும் நல்லா குடிச்சிட்டு வந்தீங்களாக்கும்," என்றாள் தனலக்ஷ்மி.

"ஏலக்காய் போட்டிருந்தாங்க," என்றார் அவர்.

அந்த வருடம் அதே நகரத்தின் பணக்காரப் பகுதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் உலகம் ஃபேஷனாகியிருந்தது. ரெமிஜியஸ் என்ற ரிடையர்டு பாங்க் மானேஜர் நடத்திய அகில உலக மனிதர் சங்கத்தில், ஓர் ஊருக்குள் அடங்காமல் உலகம் முழுவதையும் சேர்ந்துவிட்ட ஞானிகளுக்குச் சான்றிதழும் நீல உருண்டை பேட்ஜும் வழங்கினார்கள். பட்டுப்புடவையில் அதைக் குத்திக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தில் யாரும் கல்யாண வரவேற்புக்குப் போவதில்லை. சான்றிதழில் மூன்று முத்திரை உண்டு என்று கேள்விப்பட்டதும் தனலக்ஷ்மி அங்கே போய் நின்றாள்.

விண்ணப்பத்தில், 'ஞானம்: உண்டு/இல்லை. நற்குணம்: உண்டு/இல்லை. பொருந்தாததை அடிக்கவும்' என்றிருந்தது. இரண்டு 'இல்லை'யையும் பேப்பர் கிழிய அடித்தாள்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்றார் ரெமிஜியஸ்.

"எந்த ஊரும் இல்லைன்னுட்டாங்க சார். எழுத்துலயே கொடுத்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நிலைக்குத்தான் பன்னிரண்டு வருஷமா தியானம் பண்றேன். போன வாரம்கூட ஒருத்தர் என்னை மங்களூரான்னு கேட்டதும் கோபம் வந்துடுச்சு. உங்களுக்கு எத்தனை நாள் பிடிச்சது?"

"மூணு தடவை க்யூல நின்னேன் சார்."

சான்றிதழ் அன்றே கிடைத்தது. வெள்ளிக்கிழமை கோவிந்தப்பா மூன்று முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"உலகம் முழுக்க உங்க ஊர்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"இந்தத் தாலுகா உலகத்துலதானே இருக்கு?" என்று பக்கத்து மேஜையில் விசாரித்து உறுதி செய்துகொண்டார். "அப்போ நீங்க இங்கேதான் இருக்கீங்க. இதை முதல்லயே கொண்டுவந்திருக்கலாமேம்மா."

சிந்து நர்சிங் சேர்ந்தாள். செய்தி பரவி, ஸ்ரீராம்புரமே ரிச்சர்ட்ஸ் டவுனுக்குத் திரண்டது. காய்கறி வண்டிக்காரர்கள் சட்டையிலும் நீல உருண்டை ஏறிவிட்டதில் பட்டுப்புடவைகள் மனம் நொந்தன. சங்கம் அவசரமாகக் கூடியது. இனி உலகத்தில் சேர விரும்புவோர், ரிச்சர்ட்ஸ் டவுனில் பதினைந்து வருடம் குடியிருந்ததற்கு ஆதாரம் தரவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏற்கனவே சேர்ந்தவர்களை வெளியேற்ற உலகத்துக்கு வெளியே இடம் இல்லாததால் தனலக்ஷ்மி தப்பினாள். ஆபீஸ் நெளிவுசுளிவு தெரிந்தவள் என்று மனுக்களைச் சரிபார்க்கும் வேலையையும் அவளிடமே ஒப்படைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அத்திபெலேயிலிருந்து ஜெயலக்ஷ்மி என்று ஒருத்தி வந்தாள். மகளுக்கு டீச்சர் ட்ரெயினிங் சீட்டாம். எல்லையில் இருப்பதால் இரண்டு மாநிலத்தாரும் மாற்றி மாற்றித் துரத்துகிறார்களாம்.

"ஐயோ பாவம்," என்றாள் தனலக்ஷ்மி. உண்மையாகவே சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். பிறகு மனுவை மடித்துத் திருப்பி நீட்டினாள்.

"என்னம்மா பண்றது? கண்ட ஊர்க்காரங்களையும் உள்ளே விட்டா, அப்புறம் உலகத்துல இருக்கிற நாங்க எங்கே போறது?"