சர்வேசுரன் வழியாகத் தம்பிக்கு

பக்திமான்களில் பல ரகம் உண்டு. கோவிலில் முன்வரிசையில் முழங்கால் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் இன்றைக்கு யார் யார் வரவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர் ஒரு ரகம். பிரசங்கம் தொடங்கினதும் கண் அசந்து, முடிந்ததும் முழித்து, "சாமியார் இன்னைக்கு நல்லா சொன்னாரு" என்று சாட்சி சொல்லுகிறவர் இன்னொரு ரகம். இவர்களை விட்டுவிடுங்கள். இவர்களால் யாருக்கும் சேதமில்லை.

இங்கே சொல்ல வந்தது சாடைச் செபக்காரரைப் பற்றி. மனுசனிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் சொல்லி, அதையும் சம்பந்தப்பட்ட மனுசன் காதில் கணீரென்று விழும்படி சொல்லி, "நான் யாரை என்ன சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே பேசினேன்" என்று கும்பிட்ட கை கும்பிட்டபடி எழுந்து போகிறவர் இருக்கிறாரே, அவர்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரோடு ஒரே வீட்டில் முழங்கால் போட்டிருந்தால் முட்டியும் வலித்திருக்கும், மனசும் வலித்திருக்கும்.

இந்த ரகத்தில் நன்றாக விளைந்த ஒருவர் முத்தியால்பேட்டையில் இருந்தார். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். பேர் சவரிராயன். காலஞ்சென்ற சூசைமுத்துவின் மூத்த பிள்ளை. சொத்துப் பத்திரம் முடித்துத் தருகிற நொத்தேர் துரை ஆபீசில் நகல் எழுதுகிற உத்தியோகம். முப்பது வருஷம் பத்திரம் எழுதின கை. அந்தக் கை எழுதுகிறபடியே வாயும் பேசப் பழகிவிட்டது. பத்திரத்தில் ஆள் மாறிப்போனால் வில்லங்கம் அல்லவா? செபத்திலும் ஆள் மாறிவிடக் கூடாதே! அதனால் சர்வேசுரனுக்குச் சந்தேகமே வராதபடி விலாசத்தோடு வேண்டுவார்.

கோவிலில் அந்தி மணி அடித்ததும் வீட்டில் செபமாலை. மணிக்கு ஒரு மாதா மந்திரம். அவர் முன்பாதி சொல்லுவார், பெண்சாதி இருதயமேரியும் மகள் லூர்துசெல்வியும் பின்பாதி சொல்லுவார்கள். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்த பிறகு, வீட்டுத் தலைவர் வேண்டுதல் சொல்லுகிற வழக்கம்; ஒவ்வொன்றுக்கும் எல்லாருமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி ஆமென் போடுவார்கள். நோயாளிகளுக்காக ஒன்று, செத்த ஆத்துமாக்களுக்காக ஒன்று என்று மற்ற வீடுகளில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இங்கேதான் சவரிராயன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளுவார்.

"சர்வேசுரா! முத்தியால்பேட்டை, பதினேழாம் நெம்பர் வீட்டில் வசிக்கிற, காலஞ்சென்ற சூசைமுத்துவின் மருமகளும் சவரிராயன் பெண்சாதியுமான இருதயமேரி என்பவள், இன்று மத்தியானம் மீன் குழம்பில் புளியை இரண்டு தரம் கரைத்து ஊற்றிய விஷயத்தில், அவளுக்கு ஞாபகசக்தியைத் தந்தருளும். ஒரு பரலோக மந்திரம்!"

குற்றவாளியே முழங்காலில் இருந்து, குற்றப்பத்திரிகையைக் கேட்டு, அதற்கு ஆமென்னும் சொல்ல வேண்டும். எந்தக் கோர்ட்டில் உண்டு இந்த நியாயம்?

இருதயமேரி லேசுப்பட்டவள் அல்ல. கண்ணைத் திறக்காமலே சொல்லுவாள்: "மூணு நாள் மீனைப் பார்த்து வாங்கியாந்தவருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிடுங்க."

லூர்துசெல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள். உடனே அவளுக்கும் ஒரு பரலோக மந்திரம் விழும், செபவேளையில் சிரித்த விஷயத்தில்.

சனிக்கிழமை தவறாமல், சாமியாரிடம் பாவத்தை ஒப்புவிக்கிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போவார். தன் பாவம் அரை நிமிஷம். மிச்சமெல்லாம் தம்பியின் பாவம். ஒரு நாள் சாமியார் தாங்கமாட்டாமல், "அதையெல்லாம் அவரே வந்து சொல்லட்டுமே, நீங்க எதுக்கு அவருக்காகச் சிரமப்படறீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் சாமியாருக்கும் ஒரு பரலோக மந்திரம்.

தம்பி என்றேனே, அவன் அமலநாதன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ரொட்டிக் கிடங்கில் அடுப்பு வேலை. இடி மாதிரி குரல். தகப்பனார் கட்டின ஓட்டு வீட்டை நடுவில் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் சுவரை ஓட்டுக்கு இரண்டு முழம் கீழேயே நிறுத்திவிட்டார். "காத்து வரட்டும்" என்று சொன்னது சவரிராயன்தான். காற்று வந்தது. காற்றோடு மற்றதும் போய் வந்துகொண்டிருந்தது.

சண்டை எதனால் என்கிறீர்களா? ஓர் இரவல் கோட்டினால். அமலநாதனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஆண்பிள்ளை பிறந்தது. கோவிலில் ஞானஸ்நானத்துக்கு அண்ணன்தான் ஞானத்தகப்பன் என்று பேச்சு. பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிறவன் சும்மா வெள்ளைச் சட்டையில் நின்றால் கௌரவமாக இருக்குமா என்று சவரிராயனுக்கு யோசனை. நொத்தேர் துரையிடம் கறுப்புக் கோட்டு இரவல் கேட்கப் போனார். துரை தூக்கத்தில். எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார். துரை எழுந்து, கோட்டைத் தேடி, தூசி தட்டி, இவர் அதை மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துக் கோவிலுக்குள் நுழைந்தபோது, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்திருந்தது. சைகோனிலிருந்து லீவில் வந்திருந்த அமலநாதனின் மச்சான் கையில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. பெருங்கோவில் நடுவில், கறுப்புக் கோட்டோடு, கையில் பிள்ளை இல்லாமல் சவரிராயன்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம். நேர்ப்பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் சர்வேசுரன் வழியாகத்தான்.

இந்தப் பக்கம்: "சர்வேசுரா! சைகோன் சென்ட்டு வாசனைக்கு மயங்கிக் கூடப்பிறந்தவனை மறந்த உள்ளங்களுக்கு நல்ல புத்தி தாரும்!"

அந்தப் பக்கத்திலிருந்து, ஓடு அதிர: "ஆண்டவரே! மூணு மணிக்கு வரச் சொன்னா நாலரைக்கு வர்றவங்களுக்கு ஒரு கடியாரத்தைக் குடும்!"

"சர்வேசுரா! பொறுமை இல்லாதவர்களுக்குப் பொறுமை தாரும்!"

"ஆண்டவரே! கோட்டு இல்லாதவங்களுக்கு ஒரு கோட்டும் குடும்!"

தெருக்குழாய் சரியாக அந்த இரண்டு வீட்டுக்கும் எதிரே. அந்தி மணி அடித்தால் தண்ணிக்குக் கூட்டம் கூடும். குடம் நிரம்பி வழிந்தாலும் யாரும் நகர மாட்டார்கள். கொளஞ்சி என்று ஒருத்தி, மாரியம்மனைத் தவிர வேறு சாமி அறியாதவள், காலையில் இருதயமேரியைப் பார்த்தால் கேட்பாள்: "இன்னாக்கா, நேத்து பாதியிலயே குடத்தைத் தூக்கிக்கினு போயிட்டேன். கடைசியில யாரு ஜெயிச்சாங்க?"

"சர்வேசுரன்தான்டி தோத்தாரு" என்பாள் இருதயமேரி.

இப்படி இருக்கையில் லூர்துசெல்விக்கு இடம் கூடிவந்தது. நெல்லித்தோப்பு மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. இன்னும் இரண்டு ஓலை, அப்புறம் கல்யாணம். உறவுக்கெல்லாம் அழைப்பு போயிற்று. சூசைமுத்துவின் சித்தி மகன் வழியில் கருவடிக்குப்பத்தில் ஒரு குடும்பம், கண்டு பதினாறு வருஷம் ஆனவர்கள், அவர்களுக்குக்கூடப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

"போயி நேர்ல கூப்புடுங்க" என்றாள் இருதயமேரி. "எண்ணி ஆறு அடி நடக்கணும்."

"கூப்புடாம இருப்பேனா? நான் இன்னா அவனை மாதிரியா? இன்னைக்கே செபத்துல சொல்லிடறேன்."

சொன்னார். "சர்வேசுரா! அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி காலை ஆறரை மணிப் பூசையில் நடக்கவிருக்கும் விவாகத்துக்கும், அதைச் சார்ந்த விருந்துக்கும், வர வேண்டியவர்களுக்கு வரும்படியான மனசைத் தந்தருளும்!"

"ஆண்டவரே! அழைக்க வேண்டியவங்களுக்கு வெத்தலை பாக்கு எடுத்துக்கினு வர்றதுக்கு ரெண்டு காலைக் குடும்!"

சவரிராயன் திருப்தியாக எழுந்தார். "அழைச்சாச்சு. சர்வேசுரனே சாட்சி."

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அன்று மத்தியானம் லூர்துசெல்வி எதிரே வந்து நின்றாள். இவள் அவ்வளவு தூரம் நடக்க முடியாத வயசில் இவளைத் தோளில் உட்காரவைத்து வில்லியனூர் மாதா தேருக்கு நடந்தே போனவன் அமலநாதன். பொட்டலம் கட்டின மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்து மேலே நீட்டிக்கொண்டே போவான்.

"யப்பா, சித்தப்பா வராம நான் கோவில் படி ஏற மாட்டேன்."

"என்கிட்ட எதுக்கு சொல்ற? அதை ஆண்டவர்கிட்ட சொல்லு."

"நான் ஆண்டவர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

சின்னப் பெண், கோபத்தில் சொல்லுகிறாள் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் மணி அடித்தது. முழங்கால் போட்டார்கள். சவரிராயன் முதல் மணியைப் பிடித்து முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

பின்பாதி வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். லூர்துசெல்வி கை குவித்து, கண் மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். இருதயமேரியும் அப்படியே. மகள் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. மறுபடி முன்பாதியைச் சொன்னார், கொஞ்சம் உரக்க. ஒன்றுமில்லை. மூன்றாம் தரமும் சொன்னார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அதட்டலாமா? செபவேளையில் அதட்டினால் பாவம். வேண்டுதலில் குத்தலாமா? வேண்டுதல் கடைசியில்தான் வரும், அதற்கு ஐம்பத்து மூன்று மணி உருள வேண்டும். தானே பின்பாதியையும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவனே வாங்கினவனாகவும் கையெழுத்துப் போட்ட பத்திரம் செல்லுமா? முப்பது வருஷத்தில் அப்படி ஒன்று அவர் எழுதினதில்லை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று கோவிலில் வாசித்தார்களே, அந்தத் தடை யார் என்று முதல் தரமாக அவருக்கு உறைத்தது. மூன்றாம் ஓலையும் வாசித்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்று, இவள் படி ஏறமாட்டேன் என்று நின்றால்?

தெருவில் கொளஞ்சி குழாயை மூடிவிட்டாள், நன்றாகக் கேட்கட்டும் என்று.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடி மாதிரி அல்ல, அடுப்புத் தணிந்த மாதிரி ஒரு குரல் மெள்ள எழுந்தது: "அர்ச்சியஷ்ட மரியாயே..."

அமலநாதன் பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி செபம் காற்றில் தொங்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை போலும். தாயார் செத்த வருஷம், இதே வீட்டில், சுவர் இல்லாத காலத்தில், பதிமூன்று வயசு அண்ணன் முன்பாதியும் எட்டு வயசுத் தம்பி பின்பாதியுமாகச் சொன்ன செபமாலைதானே.

சவரிராயன் இரண்டாம் மணியைப் பிடித்தார். இந்தப் பக்கம் முன்பாதி, அந்தப் பக்கம் பின்பாதி. பத்து மணி உருண்டது. பதினொன்றாவதற்குப் போகவேண்டிய விரல் நின்றுவிட்டது. முறை தப்பி, அந்த இடத்திலேயே வேண்டுதலை ஆரம்பித்தார்.

"சர்வேசுரா! முத்தியால்பேட்டை, பதினேழாம் நெம்பர் வீட்டில் வசிக்கிற, காலஞ்சென்ற சூசைமுத்துவின் மூத்த மகன் சவரிராயன் என்பவன்..."

இருதயமேரி கண்ணைத் திறந்தாள். இந்தப் பேர் இதுவரை வேண்டுதலில் குற்றவாளியாக வந்ததே இல்லை.

"...ஒரு கோட்டுக்காக நின்று, பிள்ளையைக் கையில் ஏந்தத் தவறிய விஷயத்தில்..."

பத்திரம் பாதியில் நின்றது.

"ஒரு பரலோக மந்திரம்!" என்று முடித்துவைத்தாள் இருதயமேரி, அவர் மனசு மாறுவதற்குள்.

"அண்ணே" என்றது சுவர். "அங்கேர்ந்து கத்தாதீங்க, புள்ள தூங்குது. வெத்தலையை எடுத்துக்கினு இந்தப் பக்கம் வாங்க."

சவரிராயன் எழுந்தார். லூர்துசெல்வி தட்டோடு தயாராக நின்றாள். கோட்டு இல்லை, சட்டைகூட இல்லை. பனியனும் வேட்டியுமாகத் தெருவில் இறங்கினார். குடங்களோடு நின்ற கூட்டம் வேதத்தில் வருகிற கடல் மாதிரி விலகி வழிவிட்டது. ஆறு அடி நடந்து, தம்பி வீட்டு வாசலில் நின்று, பழக்கம் போகுமா, கண்ணை மூடிக்கொண்டார்.

"சர்வேசுரா! இந்த வீட்டில் வசிக்கிற, காலஞ்சென்ற சூசைமுத்துவின் இளைய மகன் அமலநாதன் என்பவன்..."

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

"அண்ணே, அவரை விடுங்க, பாவம். ரெண்டு வருஷமா ஓஞ்சிபோயிருப்பாரு. நான் இங்கதான் நிக்கறேன். என்கிட்ட சொல்லுங்க."

பன்னிரண்டாம் தேதி ஆறரை மணிப் பூசைக்கு லூர்துசெல்வி சித்தப்பாவோடு படி ஏறினாள். சவரிராயன் ஐந்தே காலுக்கே கோவிலில் இருந்தார். ஞானப்பிள்ளை ஆகாமல் போன அந்தப் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து வேட்டியை நனைத்தது. அதற்காக மட்டும் யாருக்கும் பரலோக மந்திரம் சொல்லப்படவில்லை. மறுநாள் விருந்து மிச்சத்தில் ரசம் உறைத்த விஷயத்தில் இருதயமேரிக்கு வழக்கம்போல் ஒன்று விழுந்தது. ரகம் அப்படியெல்லாம் மாறிவிடாது.

படித்துச் சிரித்தாயிற்றா? நல்லது. நீங்கள் அந்த ரகமில்லை. செபமாலை உருட்டாதவராகக்கூட இருக்கலாம். விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறவராக இருக்கலாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு விடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "இந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நீதான் நல்ல புத்தி குடுக்கணும்" என்றீர்களே, படம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தானே இருந்தது? அடுப்பங்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அவ்வளவு சத்தம் எதற்கு?