வைத்தியர் தியானத்தில் இருக்கிறார்

ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தது போதும், இனி எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொள்வது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். சண்டை முடிந்த மறுவருஷம் அது. தூத்துக்குடியை விட்டு ஜப்பான்காரன் பயம் போயிருந்தது. என் இடுப்பை விட்டு வலி போகவில்லை.

நான் தாணுலிங்கம். நாட்டு வைத்தியன். சங்கு குளிக்கிறவர்களின் காதுவலி, உப்பளத்துக்காரர்களின் பாதவெடிப்பு, இவர்கள் எல்லோருடைய மாமியார் கதை, அத்தனையும் என் தலையில்தான். மருந்துக்கு வருகிறவனாவது எழுந்து போவான். புலம்ப வருகிறவன் எழுந்திருக்கவே மாட்டான்.

இந்தச் சமயத்தில் சங்கு குளிக்கும் பவுல் வந்தான். காது குணமான சந்தோஷத்தில் மடியிலிருந்து ஒரு முத்தை எடுத்து என் கையில் வைத்தான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பார்த்ததும் எனக்கு நாக்கு ஊறியது. முத்துப் பற்பம்! சுட்டுப் பொடியாக்கி, நெய்யில் குழைத்து, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சாப்பிட்டால் போன வாலிபம் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

ஒரே ஒரு இடைஞ்சல். அதன் பெயர் இசக்கியம்மாள். என் மனைவி. கல்யாணமான நாள் முதலாக முத்து வைத்த மூக்குத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் மருந்து அறையில் எந்த ஜாடியில் எது இருக்கிறதென்று எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. அந்த அறைக்குள் அவள் வராமலிருக்க ஒரு காரணம் வேண்டும்.

காரணம் சென்னையிலிருந்து தபாலில் வந்தது. வைத்தியர்களுக்கென்றே அச்சடித்த சின்னப் புத்தகம். பிறரைக் குணப்படுத்துகிறவர் தினமும் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து தம்மையும் குணப்படுத்திக்கொள்ள வேண்டுமாம்.

"ஏளா, நாளையிலேர்ந்து மத்தியானம் சாப்பிட்டதும் நான் தியானம். நீ அந்தப் பக்கம் வரப்படாது."

"தூங்கப் போறேன்னு சொல்லுங்களேன்."

"தூக்கம் வேற, தியானம் வேற."

"தூக்கத்துல குறட்டை வரும். தியானத்துல என்ன வரும்?"

"ஞானம் வரும்."

"வந்தா அதுக்கும் சேத்து உலை வைக்கணுமா?" புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள். "பக்கத்துல ஒருத்தர் உக்காந்து வாசிச்சு வழிநடத்தணும்னுல்லா போட்டிருக்கு. நான் வாசிக்கட்டா?"

திக்கென்றது. நல்லவேளை, பவுலின் தொழில் ஞாபகம் வந்தது. சங்கு குளிக்கிறவன் கடலடிக்குப் போகும்போது மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் மச்சினன்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். வேறு யாரையும் நம்பிக் குதிக்கமாட்டார்கள்.

"ஆழத்துக்குப் போறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சினன்தாம்ளா சரி. உன் தம்பி சுடலைமாடன் வரட்டும்."

"அதுவும் சரிதான்" என்றாள் உடனே. இருபது வருஷத்தில் அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

சுடலைமாடன் உப்பளத்தில் கங்காணி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ரெண்டு பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான், பிறகு நான் என் வேலையைப் பார்க்கலாம் என்பது திட்டம். மறுநாள் மத்தியானம் முத்தை எலுமிச்சம்பழச் சாறு விட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊறப்போட்டு, தட்டால் மூடிவிட்டு உட்கார்ந்தேன். 'வைத்தியர் தியானத்தில் இருக்கிறார்' என்று சிலேட்டில் எழுதி வாசலில் தொங்கவிட்டாயிற்று.

"அத்தான்! கண்ண மூடுங்க!" கடைசிப் பாத்தியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல்.

"மெதுவாலே."

"மூச்ச உள்ள இழுங்க! வெளிய விடுங்க! கீழ போங்க! இன்னும் கீழ போங்க அத்தான்!"

போனேன். காலையில் முப்பது பேருக்கு நாடி பார்த்த உடம்பு. அவனை முந்திக்கொண்டு நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. மச்சினன் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான். பதறிப்போய்க் கிண்ணத்தைத் திறந்தேன். முத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது.

மறுநாள் அவன் கண் அசந்ததும் முத்தைக் கல்வத்தில் போட்டு அரைத்தேன். வழுக்கி வழுக்கி ஓடியது. உயர்ந்த ஜாதி போலிருக்கிறது! லேசாகக் கவிச்சி அடித்தது. கடலில் பிறந்தது பன்னீராகவா மணக்கும்? வறட்டி அடுக்கிப் புடம் போட்டேன். வைத்தியன் வீட்டுக் கொல்லையில் புகை வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

சும்மா சொல்லக்கூடாது. பத்தாம் நாள் இடுப்பு லேசானது. இருபதாம் நாள் கிணற்றில் நானே தண்ணீர் இறைத்தேன். நாற்பதாம் நாள், புலம்ப வந்த ஒருவனின் மாமியார் கதையை முழுசாகக் கேட்டேன். கோபமே வரவில்லை.

"தியானம் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் இசக்கி.

"எல்லாம் உள்ள போனதோட மகிமை" என்று சொல்லி எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் காப்பி கொண்டுவந்தாள். அவள் மூக்கில் முத்து மின்னியது.

"ஏளா, இது ஏது?"

"பவுல் அண்ணாச்சி உங்களுக்குக் குடுத்தது."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். 'மனசுல மறைச்சு வச்ச பாரத்தையெல்லாம் இறக்கி வைக்கவும்'னு தம்பி வாசிச்சான். நீங்க கண்ண மூடிக்கிட்டே, 'முத்து எலுமிச்சம்பழச் சாத்துல கிடக்கு, அவகிட்ட சொல்லிராத'ன்னு இறக்கி வச்சிட்டிய. அவன் கிண்ணத்தோட எங்கிட்ட ஓடி வந்துட்டான்."

கீழே போனவன் செத்தால் தன் அக்காள் தாலி போய்விடுமே என்றுதான் மச்சினன் கயிறு பிடிக்கிறான். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னுடைய மச்சினன் அக்காளின் கழுத்தோடு நிற்காமல் மூக்கையும் கவனித்துவிட்டான்.

"அப்போ நான் சாப்பிட்டது?"

"விளைமீன் கண்ணு. அன்னைக்குக் குழம்புல கிடந்தது."

நாற்பத்தெட்டு நாள்! நெய்யில் குழைத்து! வீடு அதிரக் கத்துவதற்காகத் துள்ளி எழுந்தேன். துள்ளி எழுந்த பிறகுதான் கவனித்தேன், இடுப்பு வலிக்கவில்லை.

"எதுக்குக் கோபப்படுதிய?" என்றாள் இசக்கி. "ஒரு மீனுக்கு ரெண்டு கண்ணுல்லா? இன்னொண்ணையும் காயவச்சு எடுத்து வச்சிருக்கேன்."

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.